போனில் காட்டினால் போதாதா?

வண்டியை ஓரங்கட்டியதும் முதல் கேள்வி: "இன்சூரன்ஸ் எங்கே?"

செல்போனை நீட்டினால், சில இடங்களில் "பேப்பரைக் காட்டு" என்கிறார்கள். ஆபீஸ் நேரத்தில் பேப்பருக்கு எங்கே போவது?

மத்திய அரசு 2018 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. டிஜிலாக்கர், எம்-பரிவாகனில் உள்ள லைசென்சும் ஆர்.சி.யும் ஒரிஜினலுக்குச் சமம். இன்சூரன்ஸ் நடப்பில் இருப்பதாக எம்-பரிவாகன் காட்டினால் பேப்பர் வேண்டாம்.

போனில் சார்ஜ் இல்லையா? வண்டி நம்பரைத் தட்டினால் போலீசாரின் இ-சலான் கருவியிலேயே விவரம் வந்துவிடும். பிறகு ஏன் இந்த அலைக்கழிப்பு?

பொதுமக்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலிசியை போட்டோ எடுத்து வைத்தால் அது ஒரிஜினல் ஆகிவிடாது. போனில் அட்டை இருக்கிறது, தேதி முடிந்துவிட்டது என்றால் என்ன பயன்? இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய், மறுபடி சிக்கினால் 4,000. மூன்று மாதம் வரை சிறையும் உண்டு.

அபராதத்தை விடுங்கள். வண்டி ஒருவர் மீது மோதிவிட்டால்? நஷ்டஈடு முழுவதும் உங்கள் தலையில்தான்! வீடு, நகை எல்லாம் போகும்.

போலீசார் பேப்பரைத் தேட வேண்டாம். தேதியைப் பார்க்கட்டும். தேதி முடிந்த ஆசாமியை மட்டும் விடக்கூடாது!