இருபதாம் வாரத்துக்கு முன்னரே

கர்ப்பத்தின் 20ஆம் வாரத்தின் பின்னர் குருதி அமுக்கம் உயர்ந்து, சிறுநீரில் புரதம் வெளியேறுவதாலோ ஈரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகள் பாதிப்புறுவதாலோ வெளிப்படுகின்ற முன்சூல்வலிப்பு, அதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே சூல்வித்தகத்தில் வேரூன்றிவிடுகின்றது. கருப்பையின் சுருளி நாடிகள் முதற்பாதிக் கர்ப்பத்தில் தம் தசைச்சுவரை இழந்து அகன்று, தாயின் குருதியைச் சீராக வழங்க வேண்டும். அம்மாற்றம் அரைகுறையாக நின்றால் குருதி விட்டுவிட்டு வேகமாகப் பாய்வதால், ஒட்சிசன் குறைவதும் மீள்வதுமாக இருந்து, தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் மூலிகங்கள் அவற்றைத் தணிக்கும் நொதியங்களின் வலுவை மீறிப் பெருகுகின்றன. இந்நிலையே ஒட்சியேற்றத் தகைப்பு எனப்படும். அதனால் இடருற்ற சூல்வித்தகம் விடுவிக்கும் புரதங்கள் தாயின் குருதிக் குழாய்களின் உட்படையைச் சேதப்படுத்த, குழாய்கள் சுருங்கி, அமுக்கம் 140/90 என்னும் எல்லையை எட்டுகின்றது.

காரணம் இதுவாயின், எதிர் ஒட்சியேற்றிகளே மருந்தாகலாம் என்ற எதிர்பார்ப்பு இயல்பானது. 1999இல் வெளியான ஒரு சிறிய ஆய்வும் அதற்கு நம்பிக்கையூட்டியது. ஆனால், ஆபத்து மிகுந்த 2,410 பெண்களிடம் நிகழ்த்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் விற்றமின் சியும் அதனுடன் விற்றமின் ஈயும் நோயைத் தடுக்கவில்லை. நிறை குறைந்த குழந்தைகளே கூடுதலாகப் பிறந்தன. இலங்கையின் கர்ப்பிணிக் கிளினிக்குகளில் இரும்புச்சத்துக் குளிகையுடன் விற்றமின் சி கொடுக்கப்படுவது இரும்பு நன்கு உறிஞ்சப்படுவதற்காகவே; அது ‘பிரஷரை’த் தடுக்குமென்று எண்ணி, கடைகளில் மேலதிகமாக வாங்கி விழுங்குவது வீண் செலவு மட்டுமன்று, விரும்பத்தகாததுமாகும்.

பயன் தருவது வேறு. ஆபத்து அதிகமென இனங்காணப்பட்ட பெண்களுக்கு 11 முதல் 14 வாரங்களுக்குள் 150 மில்லிகிராம் அஸ்பிரின் ஆரம்பிக்கப்பட்டபோது, 37 வாரங்களுக்கு முன் பிரசவத்தில் முடியும் முன்சூல்வலிப்பு 62 சதவீதம் குறைந்ததாக 2017ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. அதற்கு உரிய வாரங்களில் வைத்தியரை அணுக வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் கல்லடிக்குப் பாலத்தின் மறுகரையிலேயே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை இருப்பதால், இங்கே தூரம் பெருந்தடையன்று. ஆனால் மூன்று மாதம் கழியும்வரை கர்ப்பத்தை வெளியே சொல்லாத வழக்கமுள்ள குடும்பங்களில், அஸ்பிரின் பற்றி வைத்தியர் தீர்மானிக்க வேண்டிய வாரங்களே கைநழுவிப் போகின்றன. எட்டு வாரங்களுக்குள் பொதுச் சுகாதார மருத்துவமாதிடம் பதிவுசெய்ய வேண்டுமென்ற நாட்டின் இலக்கு வெறும் அலுவலக ஒழுங்கன்று. முன்னைய கர்ப்பத்தில் இந்நோய் கண்டவர்கள், நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் அந்த முதற்சந்திப்பிலேயே வைத்தியரிடம் அனுப்பப்பட வேண்டும்.

நோய் முற்றியவர்க்கு மக்னீசியம் சல்பேற்று வலிப்பைப் பாதிக்கு மேல் குறைக்கும் என்பது 33 நாடுகளில் நடந்து 2002இல் வெளியான ஆய்வால் உறுதியானது. இருப்பினும் பிரசவத்தோடு ஆபத்து நீங்குவதில்லை. குழந்தை பிறந்த பின்னரும் சில வாரங்கள்வரை வலிப்பு நேரலாம் என்பதால், விடாத தலையிடி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவற்றைப் பிள்ளை பெற்ற களைப்பென்று தள்ளிவிடாது, அன்றே அமுக்கத்தை அளப்பிக்க வேண்டிய பொறுப்பு வீட்டாருக்கும் உண்டு.