ஒற்றைக்காலுக்குத் தலைக்கனம் வேண்டுமா?

கேமராவைத் தாங்குவதற்குரிய ஒற்றைக்கால் தண்டு, கடையிலும் களத்திலும் மோனோபாட் என்றே வழங்குவது, உச்சியில் ஒரு திருகாணியுடன் விற்கப்படுகிறது. அந்தத் திருகாணியில் கேமராவை நேராகப் பூட்டிக்கொள்வதா, அல்லது இரண்டுக்கும் நடுவே ‘ஹெட்’ எனப்படும் அசையும் மூட்டு ஒன்றை வைத்துப் பூட்டுவதா என்பது, முதன்முதலாக நீண்ட லென்ஸ் வாங்கும் எவருக்கும் எழும் ஐயம். முக்காலியைப் பொறுத்தவரை இதில் விவாதத்துக்கே இடமில்லை. மூன்று கால்களையும் ஊன்றிய பிறகு அது அசையாது என்பதால், கேமராவைத் திருப்பவும் சாய்க்கவும் அதற்குத் தலை இன்றியமையாதது. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்ற பழமொழியை முக்காலியிலிருந்து எடுத்து ஒற்றைக்காலுக்கும் அப்படியே பொருத்திவிடுவதால்தான் பல மோனோபாட்கள் தேவையற்ற தலைக்கனத்தோடு அலைகின்றன. கோவையின் குளக்கரைகளிலும் பந்தயத் திடல்களிலும் இத்தலைக்கு வேலை மிகக் குறைவு. ஆனைமலை ஏறும்போதுதான் அதற்கு உண்மையான வேலை வருகிறது.

தனித்து நிற்கும் ஒரு தண்டு எந்தெந்த அசைவுகளுக்கு இடங்கொடுக்கிறது என்று பார்த்தால் இது எளிதில் விளங்கும். அடிமுனை நிலத்தில் ஊன்றியிருக்க, தண்டைத் தன் அச்சிலேயே சுழற்றினால் லென்ஸ் இடம் வலமாகத் திரும்பும். முன்னே சாய்த்தால் கீழே நோக்கும். பின்னே சாய்த்தால் மேலே நோக்கும். பக்கவாட்டில் சாய்த்தால் அடிவானக்கோடு சரியும். முக்காலியில் தலை செய்கிற மூன்று வேலைகளையும் இங்கே தண்டே செய்துவிடுகிறது. அது தடுப்பது கை சோர்ந்து கேமரா மேலும் கீழும் ஆடுவதை மட்டுமே. சுமப்பது எடையை மட்டுமே. ஆனால் அந்த எடை சிறிதன்று: சோனியின் 200–600 மி.மீ. லென்ஸ் மட்டும் 2,115 கிராம். கேனனின் மூன்றாம் தலைமுறை 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ் 3,050 கிராம், அதனோடு தொழில்முறைக் கேமரா ஒன்றைச் சேர்த்தால் மொத்தம் 4 கிலோவைத் தாண்டும்.

இத்தகைய பெரிய லென்ஸ்களின் இடுப்பில் ‘காலர்’ எனப்படும் வளையம் ஒன்று உண்டு. தண்டின் திருகாணி கேமராவின் அடியில் ஏறாமல் இந்த வளையத்தின் பாதத்தில் ஏறுவதால் எடை நடுவில் அமைகிறது. வளையத்தின் பிடியைத் தளர்த்தி லென்ஸைச் சுழற்றினால், கிடைமட்டப் படத்திலிருந்து நெடுக்குப் படத்துக்குத் தண்டை அசைக்காமலே மாறிவிடலாம். தலையில்லாத தண்டால் செய்ய முடியாத ஒன்றை வளையம் செய்து கொடுத்துவிடுகிறது.

2017-இல் மாநகராட்சியால் நகர்ப்புற உயிர்ப்பன்மைப் பாதுகாப்பு இடமாக அறிவிக்கப்பட்ட சிங்காநல்லூர்க் குளத்தை எடுத்துக்கொள்ளலாம். தண்ணீருக்கு மேல் 3 மீட்டர் உயர்ந்த ஒரு கரையில், 150 செ.மீ. உயரத் தண்டோடு நிற்கும் ஒருவர், 40 மீட்டர் தள்ளி மிதக்கும் முக்குளிப்பானையோ புள்ளிமூக்கு வாத்தையோ குறிபார்க்கும்போது, லென்ஸ் கீழே இறங்க வேண்டிய கோணம் ஏறத்தாழ 6 டிகிரிதான்; அதற்காகத் தண்டின் உச்சி முன்னே நகர வேண்டிய தூரம் ஒரு சாணுக்கும் குறைவு. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற ஈரோடு வெள்ளோட்டிலும், 2024-இல் அப்பட்டியலில் சேர்ந்த திருப்பூர் நஞ்சராயன் குளத்திலும், நீரில் இருக்கும் பறவைகளைக் கரையிலிருந்து எடுப்பவருக்குக் கணக்கு இதிலிருந்து பெரிதும் மாறாது. ஒரு சாண் சாய்வதற்காக ஒரு மூட்டைச் சேர்ப்பது பயனற்றது என்பதோடு கேடும் ஆகலாம், ஏனெனில் எந்த மூட்டிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். 600 மி.மீ. லென்ஸ் ஒரே பார்வையில் அள்ளும் அகலம் மூன்றரை டிகிரிக்கும் சற்றுக் குறைவு என்பதால், மூட்டில் அரை டிகிரி ஆடினாலே சட்டகத்தின் ஏழில் ஒரு பங்கு நழுவிவிடும்.

பந்தயத் திடலில் தலையின் தேவை இன்னும் குறைகிறது. 1995-இல் விமான விபத்தில் மறைந்த பந்தய வீரரும் கார் வடிவமைப்பாளருமான எஸ். கரிவரதனின் பெயரால் செட்டிப்பாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே ஏறத்தாழ 2.1 கி.மீ. நீளமுள்ள சுற்று. அங்கே மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் குறுக்கே பாயும் கார், நொடியில் 125-இல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருப்பதற்குள் 24 செ.மீ. நகர்ந்துவிடுகிறது. காரோடு லென்ஸையும் அதே வேகத்தில் திருப்பிக்கொண்டே எடுக்கும் ‘பேனிங்’ முறையில்தான் கார் தெளிவாகவும் பின்னணி கோடுகளாகவும் பதியும். தண்டின் அடிமுனையை ஊன்றி, கால்களைக் கார் வந்து சேரும் இடத்தை நோக்கி வைத்து, இடுப்பிலிருந்து உடம்பையும் தண்டையும் ஒன்றாகத் திருப்பும்போது இந்த அசைவு இயல்பாகவே சீராகிறது. இடையில் தளர்ந்த மூட்டு ஒன்று இருந்தால் அந்தச் சீர் குலைகிறது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ரேக்ளா பந்தயங்களில் 200, 300 மீட்டர் ஓட்டத்துக்குக் காளைகள் பாய்ந்து வரும்போதும் இதே நிலைதான்: காளைகளின் திமில், வண்டி ஓட்டுபவரின் முகம், ஓரத்தில் நிற்பவரின் கண் ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பதால், சாய்க்க வேண்டிய தேவையே பெரும்பாலும் எழுவதில்லை.

ஆழியாற்றைத் தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வால்பாறையை அடையும்போது கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது. வழியில் வரையாடுகள் சாலைக்கு மேலுள்ள பாறைகளில் நிற்கும். புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கம் சோலைமந்திகள் மரக்கிளைகளில் தாவும். பழுத்த அத்திமரத்தின் உச்சிக்கு இருவாச்சி வந்து இறங்கும். கண்மட்டத்துக்கு 20 மீட்டர் மேலே அமர்ந்திருக்கும் இருவாச்சியை 35 மீட்டர் தள்ளி நின்று எடுக்க, லென்ஸ் 30 டிகிரி மேல்நோக்க வேண்டும். தலையில்லாத தண்டை அந்த அளவுக்குப் பின்னே சாய்த்தால் அதன் உச்சி 75 செ.மீ. பின்னுக்கு வரும், 20 செ.மீ. கீழே இறங்கும். ஒரு பக்கம் தேயிலைச் சரிவும் மறுபக்கம் சாலையுமாக இருக்கும் இடத்தில் அந்த முக்கால் மீட்டருக்குப் பின்வாங்க வழியிருக்காது. அதைவிடப் பெரிய சங்கடம் எடை: 30 டிகிரி சாய்ந்த தண்டு கீழே விழாதிருக்க, உச்சியில் உள்ள சுமையின் பாதியைக் கையே தாங்க வேண்டும். நான்கு கிலோவில் இரண்டு கிலோ கைக்குத் திரும்பிவிட்டால், தண்டு கொண்டுவந்த பயனில் பாதி போயிற்று.

இந்த ஓர் இடத்துக்காகவே அமைந்தது ‘டில்ட் ஹெட்’ எனப்படும் சாய்தலை. கதவின் கீலைப் போல ஒரே அச்சில் மட்டும் மடங்கும் இது, தண்டைத் தூக்குநூல் போல நேராக நிற்கவிட்டு, லென்ஸை மட்டும் மேலும் கீழும் சாய்க்கிறது. எடை நிலத்துக்கே போகிறது, பின்வாங்கவும் வேண்டியதில்லை. ‘பால் ஹெட்’ எனப்படும் பந்துமூட்டு முக்காலிக்குச் சிறந்தது என்றாலும் ஒற்றைக்காலுக்கு உதவாது. அதன் பிடியைத் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் ஒருங்கே தளர்ந்து, மூன்று கிலோ லென்ஸ் பக்கவாட்டில் தலைசாய்ந்து தொங்கும், திருப்பும் வேலையையோ தண்டே ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. லென்ஸை அதன் எடைமையத்தில் தொட்டில்போலத் தொங்கவிடும் ‘ஜிம்பல்’ தலை, விரல் நுனியால் திருப்பும் அளவுக்கு இலகுவாக இயங்குவது உண்மைதான். ஆனால் சுமையைக் குறைக்கவென்று முக்காலியை விட்டுவிட்டு வந்தவர், கிலோ கணக்கில் கனக்கும் ஒன்றை மறுபடி உச்சியில் ஏற்றுவது வந்த நோக்கத்துக்கே மாறானது.

மலையேறாமலே சாய்தலை தேவைப்படும் இடமும் ஒன்றுண்டு. அது கல்யாண மண்டபம். கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர்ச் சடங்கு நடக்கும் நேரத்தில் சுற்றமெல்லாம் மேடையைச் சூழ்ந்து நிற்கும்போது, முக்காலியை விரிக்க அங்கே இடமிருக்காது. ஒற்றைக்காலுக்கு ஒரு சாண் இடம் போதும். ஆனால் அங்கே பயன்படும் சிறிய லென்ஸ்களுக்குக் காலர் கிடையாது. கேமராவே தண்டில் பூட்டப்படுவதால், மணமக்களை முழு உருவமாக நெடுக்குப் படத்தில் எடுக்கத் தண்டைத் தரையோடு தரையாகச் சாய்த்தாக வேண்டும். அது நடவாத காரியம். சாய்தலையைக் கால்வட்டம் திருப்பி, கீல் பக்கவாட்டில் மடங்குமாறு வைத்தால், கேமரா மட்டும் நெடுக்காகக் கவிழ்ந்துகொள்ளும். வீடியோ எடுப்பவர்களின் தேவை வேறு: அசைவு வழவழப்பாக இருக்க, கெட்டியான மசகு உள்ளே இருந்து எதிர்ப்புக் கொடுக்கும் ‘ஃப்ளூயிட் ஹெட்’டும், அடியில் விரியும் மூன்று சிறு பாதங்களும் கொண்ட தனிவகைத் தண்டுகள் அவர்களுக்கு உண்டு.

தலை வேண்டாம் என்று முடிவெடுப்பவர் கவனிக்க வேண்டியது பூட்டு. கேமராத் திருகாணிகள் உலகெங்கும் இரண்டே அளவுகளில் வருகின்றன: அங்குலத்துக்கு 20 மரைகள் உள்ள கால் அங்குலம், 16 மரைகள் உள்ள எட்டில் மூன்று அங்குலம். அங்குலத்தை எட்டு நூலாகப் பகுக்கும் பட்டறைக் கணக்கில் இவை இரண்டு நூல், மூன்று நூல். இரண்டு நூல் தண்டில் மூன்று நூல் லென்ஸைப் பூட்டத் தேவையான சிறு புஷ்ஷைக் கேமராக் கடையில் வாங்கலாம். கோவையின் லேத் பட்டறைகளுக்கு அதைக் கடைந்து தருவதும் பெரிய வேலையன்று. ஆனால் தண்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கும்போது ஒற்றைத் திருகாணி மெல்ல மெல்லக் கழன்றுவிடக்கூடும். ஆகவே தண்டின் உச்சியில் ‘ஆர்க்கா-சுவிஸ்’ வகைக் கவ்வி ஒன்றை மட்டும் பதித்து, லென்ஸின் பாதத்தில் அதற்குரிய பட்டையைப் பொருத்திக்கொள்வது நல்ல இடைவழி: மூட்டு இல்லை, கழலும் அச்சமும் குறைவு, நொடியில் பூட்டவும் எடுக்கவும் முடியும்.

இடத்துக்கு அடங்கியதே கருவி என்பதைத் தமிழகக் காட்டுயிர்ப் படக்கலையின் முன்னோடியான மா. கிருஷ்ணன் (1912–1996) நன்கு அறிந்திருந்தார். முதுமலைக் காடுகளில் யானைமீது அமர்ந்து படமெடுத்த அவர், வெவ்வேறு உதிரிகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவுக்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டிருந்தார். யானை முதுகில் முக்காலிக்கும் இடமில்லை, ஒற்றைக்காலுக்கும் இடமில்லை. இன்று டாப்சிலிப்பில் வண்டியில் சென்று எடுப்பவர்களுக்கும் தண்டு உதவாது. ஓடும் என்ஜினின் அதிர்வைத் தளத்திலிருந்து அதுவே லென்ஸுக்கு ஏற்றிவிடும் என்பதால், சன்னல் விளிம்பில் வைக்கும் பயறுமூட்டையே அங்கே மேல். எனவே கடையில் தலையைக் கையிலெடுத்துப் பார்க்கும் முன், எடுக்கப்போவது கண்ணுக்கு எவ்வளவு மேலே இருக்கும், லென்ஸுக்குக் காலர் உண்டா என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டுகொண்டால் போதும். வாரந்தோறும் குளக்கரைக்கும், எப்போதாவது வால்பாறைக்கும் போகிறவருக்குச் சாய்தலை பையில் கிடக்க வேண்டிய பொருள்: ஆழியாறு அடிவாரத்தில் எடுத்துப் பூட்டி, இறங்கி வந்ததும் அங்கேயே கழற்றி வைத்துவிட வேண்டியது.