சட்டம் புதிது, கண்ணாடி பழையது

மட்டக்களப்பு வாவியோரத்து வீடுகளுக்குப் பகைவர் இருவர். ஒருவர் உப்பைச் சுமந்து வரும் காற்று. மற்றவர் வாடையோடு வரும் மாரிமழை. இவ்விருவரும் கூடினால் ஆணி துருவேறும், மரம் உக்கிப்போகும். ஆயினும், நிறக்கண்ணாடியை அவர்கள் எளிதில் வெல்வதில்லை. அதன் நிறம் மேலே பூசிய சாயமன்று, உருக்கும்போதே கலந்தது. கோபாற்று நீலத்தைத் தரும். பொன் செந்நிறத்தைத் தரும்.

சென்ற மாதம் என் மாணவன் ஒருவன் வந்தான். புளியந்தீவிலுள்ள அவனுடைய பாட்டனார் வீட்டு யன்னல்களின் மேற்புறத்தில் அரைவட்டமாக நிறக்கண்ணாடி உண்டு. சட்டங்கள் உக்கிவிட்டன. அலுமினிய யன்னல் போடுவதென வீட்டார் முடிவு செய்துவிட்டனர்.

"கண்ணாடியை உடைத்தெடுப்பதாகத் தச்சர் சொல்கிறார், சேர். அம்மம்மா மட்டும் சாப்பிடாமல் இருக்கிறா" என்றான்.

"கோயிலில் திருப்பணி நடக்கும்போது மூர்த்தியை என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"பாலஸ்தாபனம் செய்கிறார்கள்" என்றான்.

அதுவே விடை. கட்டடத்தைப் புதுக்கலாம்; உள்ளே உறைவதைப் பத்திரமாக வேறிடத்தில் வைத்து, மீண்டும் எழுந்தருளச் செய்தல் வேண்டும்.

இங்கிலாந்தின் யோர்க் பேராலயத்தில் இதையே செய்தார்கள். அதன் கீழைப் பெருஞ்சாளரத்தை யோன் தோர்ண்டன் என்னும் கலைஞர் 1405 முதல் 1408 வரை அமைத்தார். அறுநூறு ஆண்டுகளின் பின் அதைக் கழற்றி, 311 பலகங்களையும் செப்பனிட்டனர். சிதைந்த கற்களையும் புதுக்கினர். புறத்தே காவலாக வேறு கண்ணாடி அமைத்து, 2018ஆம் ஆண்டில் பணியை நிறைவேற்றினர்.

நிற்க, நம் வீட்டுக்குச் செய்யத்தக்கவை யாவை? முதலில் படம் பிடித்து, ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கமிடுக. சட்டத்தை அறுத்தெடுக்கலாம், கண்ணாடியை நெம்புதல் ஆகாது. துண்டுகள் ஈயப்பட்டையால் இணைக்கப்பட்டிருந்தால், முழுப் பலகத்தையும் நிமிர்த்தியே தூக்குக. படுக்கையாகத் தூக்கினால் நடுவே வளைந்து முறியும். ஈயம் நஞ்சு, கைகளை நன்கு கழுவுக, சிறுவரை அணுகவிடற்க. தீட்டிய உருவங்கள் இருப்பின் அழுத்தித் தேய்க்கற்க. புதுச் சட்டத்தில் புறத்தே தெளிந்த கண்ணாடி பொருத்தி, இரண்டுக்கும் நடுவே காற்றோட உள்வழி விடுக. இல்லையேல் ஈரம் தேங்கும். ஆணிகள் பித்தளையாயின் நன்று.

எங்கள் வீட்டிலும் நிறக்கண்ணாடி இருந்ததாம். 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி அதை நொறுக்கியது. நான் அதன் பின் பிறந்தவன். காலை வெயிலில் தரையிற் படிந்த அந்தச் சிவப்பையும் நீலத்தையும் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேனேயன்றிக் கண்டதில்லை. சூறாவளியை நோவதிற் பயனில்லை. நம் கைச் சுத்தியலை நாம் தடுக்கலாம் அல்லவா?

மாணவன் நேற்று மீண்டும் வந்தான். கண்ணாடிகள் எல்லாம் இப்போது அம்மம்மாவின் அறையில் சுவரோரமாக நிற்கின்றனவாம். சுற்றி வைப்பதற்குத் தம் பழைய சேலைகளை அவரே எடுத்துக் கொடுத்தாராம்.