தாராவி வகுப்பறையில் சொற்போர்: முதற்சுற்று தமிழில் நிகழட்டும்

ஆங்கிலம் கற்பிக்க விவாதம் சிறந்த கருவி என்பதைக் கல்வியாளர் பலரும் ஏற்கின்றனர். அக்கருவி யாருடைய கைக்குக் கிடைக்கிறது என்பதே அரிதாக எழுப்பப்படும் வினா. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஆங்கிலவழியில் பயிலும் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு மேடை பெரும்பாலும் பழகிய இடம். வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பேசி, மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிக்குச் செல்லும் தாராவிப் பிள்ளைக்கு ஆங்கிலம் பாடநூலோடு நின்றுவிடுகிறது. இருவரையும் ஒரே ஆங்கில மேடையில் நிறுத்தினால், பேசத் தெரிந்தவர் மேலும் பேசுவார், மற்றவர் கைதட்டுவார்.

ஆயினும் விவாதத்தைக் கைவிடுவது தீர்வாகாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு கனடாவில் பிரெஞ்சுவழியில் பயின்ற மாணவரை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின், 1985இல் ஒரு குறையைச் சுட்டினார். பல ஆண்டுகள் கேட்டும் படித்தும் அவர்களது பேச்சிலும் எழுத்திலும் இலக்கணத் துல்லியம் அமையவில்லை. தாமே வாக்கியம் அமைத்துப் பொருளுணர்த்த வேண்டிய நெருக்கடி வகுப்பில் போதவில்லை என்பது அவர் கண்ட காரணம். விவாதம் அந்நெருக்கடியைத் தருகிறது. எதிரணியின் கூற்றை ஓரளவு ஒப்புக்கொண்டு மறுக்க, தமிழில் 'கிடைத்தால்' என்பதோடு ஓர் 'உம்' சேர்த்தால் போதும். ஆங்கிலத்திலோ 'ஈவன் இஃப்' என்று அந்தத் துணைவாக்கியத்தைத் தொடங்கும்போதே சொல்லியாக வேண்டும். பயிற்சி ஏட்டில் உயிரற்றுக் கிடக்கும் இவ்வேறுபாடு, மறுத்துப் பேசும் தேவை எழும்போது மனத்தில் பதிகிறது.

கருத்தையும் மொழியையும் ஒருசேரத் தேட நேர்ந்தால் தொடக்கநிலை மாணவர் வாயடைத்துப் போவார். ஆகவே முதற்சுற்று தமிழில் நிகழ வேண்டும். ஒரு மொழியில் பெற்றதை மற்றொரு மொழியில் எடுத்துரைக்கும் வேல்ஸ் நாட்டு வகுப்பறை முறைக்கு 1994இல் கென் வில்லியம்ஸ் பெயரிட்டார். 'டிரான்ஸ்லாங்குவேஜிங்' என்று இன்று வழங்குவது அதுவே. பட்டிமன்றத்தில் வளர்ந்த சமூகத்துக்கு இது புதிதன்று.

பொருளும் அருகிலேயே உள்ளது. தாராவி மறுசீரமைப்பில் 350 சதுர அடி வீடு போதுமா, 2000 ஜனவரி 1 என்னும் தகுதிநாள் நியாயமா என்பவற்றில் அங்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்ல நிறைய உண்டு. தமிழில் வாதிட்ட பின், ஒவ்வொருவரும் தம் வாதத்தை மூன்று ஆங்கில வாக்கியங்களாக்கலாம். இரண்டாம் சுற்றில் ஒரே விதி போதும்: எதிரணி ஒப்பும்படி அதன் கருத்தை முதலில் ஆங்கிலத்தில் எடுத்துரைத்த பின்பே மறுக்க வேண்டும். பரபக்கத்தை முன்வைத்துச் சுபக்கம் கூறும் சிவஞான சித்தியாரின் அமைப்பு இதற்கு நம் மரபிலேயே உள்ள முன்மாதிரி. கவனித்துக் கேட்டலும் பிறர் கூற்றை மாற்றிச் சொல்லும் இலக்கணமும் இவ்விதியில் ஒருங்கே பயிலப்படும்.

தமிழுக்குச் செலவாகும் நேரம் ஆங்கிலத்துக்கு இழப்பு என்று சிலர் வாதிடலாம். ஆங்கிலம் மட்டுமே ஒலிக்கும் வகுப்பில் நாற்பது பேரில் நால்வரே பேசுவர் எனில், எஞ்சிய முப்பத்தாறு பேருக்கு அந்நேரம் முழுவதும் இழப்பே. சிறந்த பேச்சாளருக்குக் கோப்பை வழங்குவதோடு ஆசிரியர் பணி முடிவதில்லை. சென்ற மாதம் வாய்திறவாத எத்தனை பேர் இம்மாதம் ஒரு மறுப்பையேனும் ஆங்கிலத்தில் சொன்னார்கள் என்பதே விவாத வகுப்பின் அளவுகோலாக வேண்டும்.