கருவி காட்டும், சொல்லலாமா?



உங்கள் ஊர் ஸ்கேன் நிலையம் எதற்காவது சென்றிருக்கிறீர்களா? உள்ளே நுழைந்ததும் ஒரு பலகை கண்ணில் படும். கருவிலுள்ள குழந்தை ஆணா, பெண்ணா என்று இங்கே கண்டறிந்து சொல்லப்பட மாட்டாது, அது சட்டப்படி குற்றம் என்று அதில் எழுதியிருக்கும். இப்பலகையைப் பற்றி என் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: "கருவி காட்டும் உண்மையைச் சொல்லாதே என்று தடுப்பது அறிவியலுக்கு விரோதமில்லையா, சார்?"

நல்ல கேள்விதான். முதலில் கருவியைப் பார்ப்போம்.

நம் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். ஸ்கேன் கருவி அனுப்பும் கேளா ஒலியோ வினாடிக்குப் பல இலட்சம் அதிர்வுகள் கொண்டது. உடலின் மென்மையான திசுக்களில் அது வினாடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 7.7 செ.மீ. ஆழத்தில் உள்ள ஓர் உறுப்பில் பட்டு எதிரொலி திரும்பி வர எவ்வளவு நேரமாகும்? போகவும் வரவும் 15.4 செ.மீ. தூரம். கணக்கிட்டுப் பாருங்கள், ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்! இந்த நேரங்களை அளந்தே கருவி படம் வரைகிறது.

உலோகத்தில் விரிசல் தேடப் பயன்பட்ட இம்முறையை ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் மருத்துவர் இயான் டொனால்டும் பொறியாளர் டாம் பிரவுனும் மகப்பேறு மருத்துவத்துக்குக் கொண்டு வந்தனர். அவர்கள் பங்கேற்ற ஆய்வின் கட்டுரை 1958-இல் வெளியாயிற்று. கருவில் இரட்டைக் குழந்தைகளா, நஞ்சுக்கொடி சரியான இடத்தில் இருக்கிறதா, குழந்தை நன்கு வளர்கிறதா என்பதையெல்லாம் இன்று முன்கூட்டியே அறிகிறோம். இதனால் உயிர் பிழைத்த தாய்மார்கள் ஏராளம்.

அதே எதிரொலி குழந்தையின் பாலினத்தையும் காட்டிவிடுகிறது. கருவிக்கு இதில் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. வெறுப்பு நம் வீடுகளில் முன்பே இருந்தது. பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைத் தடுக்க 1992-இல் தமிழக அரசு சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்ததே, அதை எண்ணிப் பாருங்கள். பிறந்த பின் செய்த கொடுமையைப் பிறக்கும் முன்பே செய்யக் கருவி வழிகாட்டிவிட்டது.

விளைவு என்ன? இயற்கையில் 1000 ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள் பிறக்கின்றன. இந்தியாவில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில், 1000 ஆண்களுக்குப் பெண்கள் 1991-இல் 945, 2001-இல் 927, 2011-இல் 919. ஒரு வீட்டில் நடந்தால் அது அவ்வீட்டின் சொந்த விஷயம் போலத் தோன்றும். இலட்சக்கணக்கான வீடுகளில் நடந்தால் அது நாட்டின் நலப் பிரச்சினை. இங்கேதான் சட்டம் தலையிடுகிறது.

1994-இல் இயற்றப்பட்டு 1996-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், 2003-இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. வாயால் மட்டுமல்ல, சைகையாலோ வேறு எவ்விதத்திலோ பாலினத்தைத் தெரிவித்தாலும் குற்றமே. முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கர்ப்பிணிக்குச் செய்யும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் நிரப்பி வைக்க வேண்டும். இது வீண் வேலை என்று சில மருத்துவர்கள் குறைப்படுகிறார்கள். காதோடு சொன்ன சொல்லுக்குச் சாட்சி கிடையாது. ஆகவே ஏடாவது இருக்கட்டும் என்பதே என் கருத்து. இச்சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. சோதனைக்கு வந்த பெண்ணைக் கணவனோ உறவினரோ வற்புறுத்தியிருப்பார்கள் என்றே சட்டம் முதலில் கொள்கிறது.

என் மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். சட்டம் ஆராய்ச்சியைத் தடுக்கவில்லை, ஸ்கேனையும் தடுக்கவில்லை. பாலினத்தோடு தொடர்புடைய மரபு நோய்களைக் கண்டறியவும் இடம் தருகிறது. ஆனால் பெண்ணாய் இருப்பது நோயல்லவே! இந்தச் செய்தியால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்று மருத்துவர் கேட்டுக்கொள்ள வேண்டும். உண்மையைக் கண்டறிவது அறிவியல். அதை எதற்குப் பயன்படுத்துவது என்பது அறம். சட்டம் அந்த அறத்துக்குப் போட்ட வேலி.

வேலி மட்டும் போதுமா? போதாது. சட்டம் வந்த பின்பும் எண்ணிக்கை சரிந்ததைப் பார்த்தோம். சட்டத்தை ஒழுங்காகச் செயல்படுத்தும்படி 2001-இல் உச்ச நீதிமன்றமே அரசுகளுக்கு உத்தரவிட நேர்ந்தது. அதன்பின் பஞ்சாபில் 2001-இல் 798 ஆக இருந்த எண்ணிக்கை 2011-இல் 846 ஆயிற்று. சட்டம் மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சரிவைத் திருப்ப முடியும் என்பதற்கு இது சான்று.

உறவினர் வீட்டில் இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தால் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? "பெண்ணா? பரவாயில்லை" என்பார்கள். ஆண் குழந்தை பிறந்தால் யாரும் "பரவாயில்லை" என்று சொல்வதில்லை. அந்தச் சொல்லை எந்தச் சட்டமும் தண்டிக்க முடியாது. அடுத்த முறை அதைக் கேட்கும்போது, "ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று பணிவோடு கேளுங்கள். சட்டம் நுழைய முடியாத இடத்தில் நீங்கள் செய்யக்கூடிய வேலை அது.