பாடகரை விட்டுப் பாட்டைக் கேளுங்கள்

2024 டிசம்பர் 25 அன்று சென்னை மியூசிக் அகாடமியில் டி.எம். கிருஷ்ணா பாடினார். டிசம்பர் சீசனில் இனிப் பாடுவதில்லை என்று 2015இல் அறிவித்து ஒதுங்கியவர், பத்து வருஷத்துக்குப் பின் அந்த மேடை ஏறினார். அவருக்குத்தான் சங்கீத கலாநிதி என்று மார்ச்சில் அகாடமி சொன்னதிலிருந்து நடந்த கூத்து எல்லோருக்கும் தெரியும். சில வித்வான்கள் விலகிக்கொண்டார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரிலான பரிசு பற்றிய வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. இந்த ஒன்பது மாதத்தில் எழுதிக் குவித்ததில், அவர் எப்படிப் பாடுகிறார் என்பதற்கு ஒதுக்கிய இடம் எவ்வளவு? என் கண்ணில் பட்டவரை, அநேகமாக இல்லை.

இரண்டு கட்சிகள். பெரியாரைப் பாடியவர் தியாகராஜரைப் பாடலாமா என்கிறது ஒன்று. பெரியாரைப் பாடியதற்காகவே அவருடைய தோடியையும் ஒப்புக்கொள்கிறது மற்றது. முதல் கட்சிக்குக் காது அடைத்திருக்கிறது. இரண்டாவதற்குக் காதே தேவைப்படவில்லை. என் சண்டை இரண்டாவதோடுதான் அதிகம். ஏனென்றால் அவர்கள் என் நண்பர்கள்.

நான் இருப்பது ஏற்காட்டில். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் ரயிலேறிப் போய்க் கேட்டேன். பதிவுகள்தான் இருக்கின்றனவே, மலைமேல் உட்கார்ந்தே கேட்கலாமே என்றார்கள். ஒரு நாள் அவர் வந்து சேர்ந்த முடிவைத்தான் பதிவு சொல்லும். அந்த முடிவை இன்று அவர் என்ன செய்கிறார் என்பது நேரில்தான் தெரியும். 2014இல் நான் கடைசியாகக் கேட்டபோது வேகத்தில் தாண்டிய இடங்களில் இப்போது நிற்கிறார். அடுத்த ஸ்வரத்துக்குப் போகத்தான் வேண்டுமா என்று யோசிக்கிறார். பக்கத்து நாற்காலிக்காரர், "அப்படியே இருக்கு சார், கொஞ்சங்கூட மாறலே" என்று உருகினார். கலைஞனுக்கு இதைவிட அவமதிப்பு இல்லை. நம் ரசிகர் பாட்டுக் கேட்கப் போவதில்லை. தாம் அடகு வைத்த இளமையை மீட்கப் போகிறார்.

கச்சேரி என்று நாம் சொல்வது ஆதியிலிருந்து வந்ததல்ல. வர்ணத்தில் தொடங்கி, பிரதான கிருதி, தனியாவர்த்தனம், துக்கடா, மங்களம் என்று முடியும் வரிசை, சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரால் நிலைபெற்றது. கிருஷ்ணா கை வைத்தது இதில்தான். வர்ணத்தை நடுவில் பாடினார். ஆலாபனை செய்தால் கிருதியும் பாடியாக வேண்டுமா என்று கேட்டார். 2013இல் வந்த 'எ சதர்ன் மியூசிக்' நூலில் இந்த அமைப்பையே விசாரித்தார். யாப்பை விட்ட புதுக்கவிதைக்கு நேர்ந்ததுதான் இவருக்கும். 1959இல் 'எழுத்து' தொடங்கிய பின், பண்டிதர்கள் அதை வெறும் வசனம் என்றார்கள். பின்னால் வந்தவர்கள் கோஷம் போட வசதி என்றார்கள். உருவத்தில் நடந்த கலகத்தை இருவருமே பார்க்கவில்லை.

கிருஷ்ணாவிடமும் எனக்குக் கேள்வி உண்டு. மீறுவார் என்று எதிர்பார்த்தே கூட்டம் வருகிறது, மீறியதும் கைதட்டுகிறது. எதிர்பார்த்த மீறல் இன்னொரு சம்பிரதாயம். ஊரூர் ஆல்காட் குப்பத்தில் பாடியபோதும், ஜோகப்பாக்களோடு மேடையில் உட்கார்ந்தபோதும், எதிரே இருப்பவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்று அவருக்கு முன்கூட்டித் தெரிந்திருக்க முடியாது. அந்த நிச்சயமின்மைதான் பலம். அகாடமியில் அது இல்லை. பட்டத்தை வெற்றி என்று கொண்டாடும் நண்பர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஏற்காட்டில் மே மாதம் அரசாங்கம் கோடைவிழா நடத்துகிறது. மலர்க் கண்காட்சி, நாய்க் கண்காட்சி, படகுப் போட்டி, மேடையில் கலை நிகழ்ச்சி. அதே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையாளிப் பழங்குடியினர் தங்கள் ஆட்டத்தோடு வருகிறார்கள். அதை நாட்டுப்புறம் என்ற பெட்டியில் போட்டு மூடியாயிற்று. இவர்களுக்குக் கர்நாடக சங்கீதத்தைக் கொண்டுவந்து ஊட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது தர்மகர்த்தா புத்தி. தோடிக்குப் பழகிய காது இங்கே வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும், இந்தக் காது தோடியைக் கேட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. அப்படியொரு பரிசோதனையைத் தொடங்கியவருக்கு நாம் நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறோம்.

பட்டத்தை 2025 ஜனவரி 1 அன்று கொடுத்தாகிவிட்டது. இனியாவது அவர் பாட்டைப் பற்றி யாராவது நாலு வரி எழுதுங்கள். மோசம் என்றே எழுதுங்கள். எந்த ராகத்தில், எந்த இடத்தில் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.