பில்லூர் அணையில் சேரும் சேறு: கணினிக் கணக்கு எங்கே தடுமாறுகிறது?

தென்மேற்குப் பருவமழை வலுத்தால் கோவைப் பக்கம் தவறாமல் வரும் செய்தி ஒன்று உண்டு: பில்லூர் அணை நிரம்பியது, பவானி கரையோர மக்களுக்கு எச்சரிக்கை. 100 அடி அணையில் நீர்மட்டம் 97 அடியைத் தொட்டால் மதகுகளைத் திறந்துவிடுவார்கள். ஆனால் 97 அடி என்பது உயரம் மட்டுமே. அடியில் சேறு ஏற ஏற, அதே 97 அடிக்குள் நிற்கும் தண்ணீர் குறைந்துகொண்டே போகும். அளவுகோலுக்கு அது தெரியாது. அணை சீக்கிரம் நிரம்புகிறது என்றால் மழை ஜாஸ்தி என்று மட்டும் அர்த்தமில்லை.

கனடா உதவியோடு கட்டப்பட்ட குந்தா நீர்மின் திட்டத்தில் கடைக்கோடியில் இருக்கும் அணை பில்லூர். கோவை மாநகரின் குடிநீருக்கும் இது முக்கிய ஆதாரம். சேறு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பலரும் மேலே கையைக் காட்டுவார்கள்: "எல்லாம் மலையில உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுறதாலதான்." இப்போது இந்தக் குற்றச்சாட்டுக்குத் துணையாக வண்ண வரைபடங்களும் வருகின்றன. செயற்கைக்கோள் தரவைக் கணினியில் ஏற்றி, மண் அதிகம் அரிக்கும் இடங்களைச் சிவப்பில் காட்டும் வரைபடங்கள் அவை. எந்தச் சரிவுக்குப் பணம் ஒதுக்குவது, எந்த விவசாயியைக் கட்டுப்படுத்துவது என்ற முடிவுகள் இவற்றை வைத்து எடுக்கப்படலாம் என்பதால், அந்தச் சிவப்பு எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

கணக்கு எப்படிப் போடுறாங்க?

பெரும்பாலான வரைபடங்களுக்கு அடிப்படை, அமெரிக்க வேளாண் துறைக்காக விஷ்மையர், ஸ்மித் என்ற இருவர் உருவாக்கி 1965-ல் கையேடாக வெளியான சூத்திரம். மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளம், சரிவின் செங்குத்து, மேலே உள்ள பயிர் அல்லது மரம், வரப்பு போன்ற தடுப்பு முறை ஆகிய ஆறையும் எண்ணாக்கிப் பெருக்கினால், ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை டன் மண் போகும் என்று விடை வரும். வெற்று நிலத்துக்குப் பயிர் எண் 1. அடர்ந்த காட்டுக்கு ஆயிரத்தில் சில பங்குதான். மரத்தை வெட்டினால் என்ன ஆகும் என்பதை இந்த ஓர் எண்ணே சொல்லிவிடும்.

சூத்திரம் காற்றில் பிறந்ததல்ல. அமெரிக்க வயல்களில் சுமார் 22 மீட்டர் நீளப் பாத்திகளை அமைத்து, ஓடிவந்த சேற்றைப் பல ஆண்டுகள் பிடித்து எடைபோட்டுக் கண்ட உறவு அது. அங்கே சரிவுகள் பெரும்பாலும் மென்மையானவை. நீலகிரியின் கதை வேறு.

மலையில் ஏன் இடிக்கிறது?

முதலில் மழை. ஓர் அடைமழை மண்ணை எவ்வளவு அடிக்கும் என்று கணக்கிட, அதன் உச்ச அரைமணி நேரத்தில் பெய்த அளவு வேண்டும். நம் மழைமானிகளில் பெரும்பாலானவை ஒரு நாளுக்கு ஓர் எண்தான் தருகின்றன. அதனால் இந்திய ஆய்வுகளில் ஒரு குறுக்குவழி சகஜம்: ஆண்டு மழையை 0.363-ஆல் பெருக்கி, 79-ஐக் கூட்டு. 1,200 மி.மீ. பெய்தால் விடை சுமார் 515. இந்த 1,200 மி.மீ. ஆண்டு முழுக்கத் தூறலாகப் பெய்தாலும் 515; பாதிக்கு மேல் ஒரே நாளில் கொட்டினாலும் அதே 515! 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்ததை நீலகிரிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த மழையின் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிந்து இறங்கிய மண்ணுக்கும் இந்தச் சூத்திரத்தில் இடமில்லை. பரவலாக வழியும் நீரும் சிறு ஓடைக்கீறல்களும் அரிப்பதை மட்டுமே அது கணக்கிடும். நிலச்சரிவு, ஆற்றங்கரை இடிவது, சாலைக்காக வெட்டிய செங்குத்துச் சுவர் மழையில் கரைவது எல்லாம் அதற்கு வெளியே. சாலை போட்டவர் கணக்கில் வராமல் தப்பிக்க, கேரட் போட்டவர் சிவப்பில் சிக்கிக்கொள்கிறார்.

அடுத்தது படிக்கட்டு வயல்கள். வழக்கமாகப் பயன்படும் உயர வரைபடத்தில் ஒரு கட்டம் 30 மீட்டர். மலையில் ஒரு படியின் அகலமோ சில மீட்டர்தான். கணினிக்குப் படிகள் தெரியாது. ஒரே செங்குத்துச் சரிவாகத் தெரியும். தாத்தா காலத்தில் கல் அடுக்கி மண்ணைக் காத்த குடும்பத்தின் நிலமும், சரிவின் போக்கிலேயே பார் பிடித்த பக்கத்து நிலமும் வரைபடத்தில் ஒரே நிறம். பயிரைச் சரிவின் போக்கில் வைத்தால் மண் இழப்பு பல மடங்கு கூடும் என்பதும் உண்மை. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்பதால்தான் விவசாயி அப்படி வைக்கிறார் என்பதும் உண்மை.

அரித்த மண் எல்லாம் அணைக்கு வருமா?

வராது. வரைபடத்தைப் பார்ப்பவர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இதுதான். துருவ நாராயணா, ராம் பாபு என்ற விஞ்ஞானிகள் 1983-ல் போட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஆண்டுக்கு 533 கோடி டன் மண் பெயர்கிறது. அதில் கடலுக்குப் போவது 29 சதவீதம், அணைகளில் படிவது 10 சதவீதம். மிச்சம் 61 சதவீதம் ஓரிடத்தில் கிளம்பி இன்னோரிடத்தில் உட்கார்ந்துவிடுகிறது: வரப்போரம், பள்ளம், ஓடைக்கரை.

உட்கார்ந்த மண் அங்கேயே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் கூன் கிரீக் என்ற சிற்றாற்றை ஸ்டான்லி டிரிம்பிள் நீண்டகாலம் ஆராய்ந்தார். 1930-களுக்குப் பிறகு அங்கே விவசாயம் திருந்தி, வயல் அரிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் மிசிசிப்பிக்குப் போய்ச் சேர்ந்த வண்டலின் அளவு ஏறக்குறைய மாறவே இல்லை. பள்ளத்தாக்கில் தேங்கும் மண்ணின் அளவுதான் மாறியது. பழைய காலத்தில் படிந்த மண்ணையும் ஆறு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தது. மேலே இன்று மரம் நட்டால் நாளையே அணை தெளிந்துவிடும் என்று வாக்குக் கொடுப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அப்போ கணினிக் கணக்கே வேண்டாமா?

வேண்டும். எந்த ஓடைப்பகுதி மற்றதைவிட மோசம் என்று வரிசைப்படுத்த அது உதவும். 'ஸ்வாட்' போன்ற புதிய மாதிரிகள் ஆண்டுச் சராசரியோடு நிற்காமல், ஒவ்வொரு நாளும் ஓடும் நீரையும் ஆற்றில் மண் படிவதையும் கிளம்புவதையும் கணக்கிடுகின்றன. ஆனால் அவற்றைச் சரிபார்க்க ஆற்றில் அளந்த எண்கள் வேண்டும். ஓர் ஆண்டின் மண்ணில் பெரும்பகுதி சில வெள்ள நாட்களில் ஓடிவிடும். அந்த நாட்களில் பாட்டிலோடு ஓடைக்குப் போய்ச் சேற்றுத் தண்ணீர் எடுப்பது லேசான வேலையல்ல. உதகையில் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1954-லிருந்து இயங்குகிறது. ஆகவே அளக்கத் தெரிந்தவர்கள் மலையிலேயே இருக்கிறார்கள்.

இன்னொரு சரிபார்ப்பு அணையிலேயே இருக்கிறது. படகில் ஒலிமானியை வைத்து அடித்தளத்தை அளந்தால், எவ்வளவு படிந்திருக்கிறது என்று நேரடியாகத் தெரியும். செயற்கைக்கோள் படத்தால் இதை முழுதாகச் செய்ய முடியாது. நீர்மட்டம் ஏறி இறங்கும் பகுதியைத்தான் அது பார்க்கும், ஆழத்தில் கிடக்கும் சேற்றைப் பார்க்காது. பில்லூரில் இன்னொரு சங்கடமும் உண்டு. மேலே குந்தாப் பாலம் போன்ற அணைகளும் மண்ணைப் பிடிக்கின்றன. அங்கே மதகைத் திறந்தால் தேங்கிய சேறு கீழே வரும். பில்லூரில் படிந்தது எந்த ஆண்டின் அரிப்பு என்று பிரித்துப் பார்க்காமல் எந்த மாதிரியையும் 'சரி' என்று சொல்லிவிட முடியாது.

தூர்வாரிவிட்டால் போதாதா?

பத்து கோடி கன அடி சேற்றை, அதாவது ஒரு டி.எம்.சி.யில் பத்தில் ஒரு பங்கை, அகற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 28 லட்சம் கன மீட்டர். ஒரு டிப்பர் லாரி 10 கன மீட்டர் ஏற்றினால் 2.8 லட்சம் நடை. தினமும் 500 நடை போனாலும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் ஒரு பருவமழையாவது வந்துபோகும். ஏரி, குளங்களின் வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி அள்ளிச் செல்ல 2024-ல் தமிழக அரசு வழிசெய்தது. வயலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரிக்கு அது பொருந்தும். பில்லூர் இருப்பதோ யானைகள் நடமாடும் காட்டுக்குள். அங்கே இரவும் பகலும் லாரி ஓட்ட வனத்துறை ஒப்புக்கொள்ளுமா, அள்ளிய சேற்றை எங்கே கொட்டுவது என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகுதான் செலவுக் கணக்கையே தொடங்க முடியும்.